நோவறியாத சொல்

"சாரி" என்று ஜாய்சன் முதன்முறை சொன்னது ஆஸ்பத்திரி வராந்தாவில். ஸ்ட்ரெச்சரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பாஸ்கலின் முகத்தைப் பாராமல், சுவரில் ஒட்டியிருந்த 'அமைதி காக்கவும்' என்ற அட்டையைப் பார்த்துச் சொன்னான். இரண்டாம் முறை அச்சொல் கைப்பேசியில் வந்தது, கூப்பிய கைகளின் படத்தோடு. மூன்றாம் முறை மனைவி ஸ்டெபியை அனுப்பிவைத்தான். அவள் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்து, "அவுக சாரி சொல்லச் சொன்னாக, அக்கா" என்றாள். பாஸ்கலின் மனைவி பிளாரன்ஸ் பழத்தை வாங்கிக்கொண்டாள், சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பின் எட்டு மாதத்தில் அது எத்தனை முறை வந்தது என்று பாஸ்கல் எண்ணவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சுக்குள் உலை ஒன்று கொதித்து மூடியைத் தள்ளியது.

பாஸ்கல் திரேஸ்புரத்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் சங்கு குளிக்க இறங்கினார். இந்த ஆண்டோடு வயது நாற்பத்து நான்கு. கடலடி மணலில் சங்கு ஊர்ந்துபோன தடம் ஒரு கோடாக நீண்டு கிடக்கும். அக்கோட்டின் எந்த முனையில் சங்கு புதைந்திருக்கிறது என்பதைக் கலங்கிய நீரிலும் விரல்நுனியால் தடவி அறிந்துவிடுவார். கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலப் பாட்டுக்கு அவர் குரல்தான் முதற்குரல். ஓர் அடியை இழுத்து நிறுத்தினால் மற்றவர்கள் இரண்டு முறை மூச்சு வாங்கிவிடுவார்கள். 'ஆண்டவர் உனக்கு மட்டும் மூன்றாவது நுரையீரல் ஒன்று வைத்துத் தைத்திருக்கிறார்' என்பது பங்குச்சாமியாரின் வழக்கமான கேலி. குடி கிடையாது; வீண்பேச்சு கிடையாது. கோபம் உண்டு. அதுவும் ஒழுங்குள்ள கோபம்: காரணமின்றி வராது, காரணம் தீராமல் போகாது.

சம்மாட்டி ரெமிஜியுஸின் 'கடலரசி' என்னும் படகில் எட்டுப் பேர் குளிக்கப் போவார்கள். சம்மாட்டி என்றால் அவ்வூரில் படகின் உரிமையாளர். படகின் மேல்தட்டில் கம்ப்ரசர் ஓடும். அது அழுத்தி அனுப்பும் காற்று நீண்ட ரப்பர்க் குழாய் வழியே கடலடிக்குப் போய், குளிப்பவன் வாயில் மூச்சாகும். அக்குழாயை அவர்கள் ஹோஸ் என்பார்கள். நால்வர் கீழே இறங்கினால் நால்வர் மேலே நிற்பார்கள்; ஒருவன் ஹோஸ் ஒருவன் கையில்; முறை மாறி மாறி வரும். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் நலம். இரண்டு வந்தால் பை நிறைந்தது. மூன்று வந்தால் காற்றில்லை. எந்த இழுப்புக்கும் மேலிருந்து ஓர் இழுப்பு மறுமொழியாக வந்தாக வேண்டும். எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. ஹோஸ் கையில் இருக்கலாம், மடியில் இருக்கலாம். காலில் படக் கூடாது. ஒருவன் மூச்சை இன்னொருவன் மிதிப்பதா?

சென்ற மார்ச் மாதத்துக் காலையொன்றில் பாஸ்கல் ஒன்பது பாக ஆழத்தில், ஏறக்குறைய ஐம்பதடிக்குக் கீழே, இருந்தார். மேலே அவர் ஹோஸ் ஜாய்சன் பொறுப்பில் இருந்தது. திடீரெனக் காற்று நூலாக மெலிந்தது. மூன்று முறை இழுத்தார், மறுமொழி இல்லை. மறுபடி மூன்று, அப்போதும் இல்லை. மறுமுனை பாறையில் கட்டியது போல் அசையாமல் நின்றது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு அவர் மேலே பாய்ந்தார். ஆழத்தில் நெடுநேரம் இருந்தவன் அப்படிப் பாயக் கூடாது; பாய்ந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி விழும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? நீர்மட்டத்தைக் கிழித்துத் தலை வெளிவந்தபோது அவர் கண்ட முதற்காட்சி ஜாய்சனின் வலக்கால். ஹோஸின் மேல் ஊன்றியிருந்த அந்தப் பாதத்தை அவன் மெல்ல எடுத்துக்கொண்டிருந்தான். காதில் கைப்பேசி இருந்தது.

ஒரு மணி நேரத்தில் பாஸ்கலுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று.

கம்ப்ரசரின் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஜாய்சன் ஊருக்குச் சொன்னான். அறுந்த பெல்ட் ஒன்றையும் காட்டினான். மற்ற மூவரின் ஹோஸில் காற்று குறையவே இல்லையே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் கேட்கவில்லை. ஜாய்சன் சம்மாட்டியின் அக்காள் மகன். பாஸ்கலும், 'அவன் தன் வேலையைப் பார்க்கல' என்று சொன்னாரே தவிர, அந்தக் காலைப் பற்றி மனைவியிடம் அன்றி வேறு எவரிடமும் வாய் திறக்கவில்லை. அது அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று இருந்தார். அவனிடமிருந்து வந்ததோ அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்.

மில்லர்புரத்தில் பூமா நடத்தும் இயன்முறைச் சிகிச்சைக் கூடத்துக்கு வாரம் மூன்று நாள் ஆட்டோவில் போய்வந்தார். பூமாவுக்கு நாற்பது வயது. தாமிரபரணிக் கரைக் கோயிலூர் ஒன்றில் பிறந்தவள். காலையில் பாசுரம் சேவித்துவிட்டுத்தான் கூடத்தைத் திறப்பாள். சேவிக்கும்போது பொருள் விளங்காத சொல் ஒன்று தட்டுப்பட்டால், அகராதியைப் புரட்டாமல் அடுத்த அடிக்குப் போகமாட்டாள். அந்தப் பிடிவாதம் ஆங்கிலச் சொற்கள் மேலும் அவளுக்கு உண்டு.

நவம்பர் மாதத்து நாளொன்றில், இரும்புக் கம்பிகளைப் பிடித்துப் பாஸ்கல் நடை பழகிக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசி ஒலித்தது. பூமா எடுத்துக் கொடுத்தாள். பார்த்தார், பார்த்ததும் அதை மெத்தைமேல் எறிந்தார்.

"என்ன அண்ணாச்சி? போன் என்ன பாவம் பண்ணிச்சு?"

"அந்தப் பய திரும்பவும் சாரி அனுப்பியிருக்கான். ஞாயித்துக்கிழமை படகு மந்திரிப்பாம், மனசுல எதையும் வச்சுக்கிடாதீங்கங்கான். டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன். நீங்க படிச்சவுக. இந்தச் சாரிக்கு அர்த்தம்தான் என்ன? தமிழ்ல சொல்லுங்க."

"மன்னிச்சிருங்கன்னு வச்சுக்கலாம்."

"அப்படி இல்லியே! மன்னிச்சிருன்னா என் முன்னால வந்து நிக்கணும், நான் மன்னிக்கணும், இல்ல, போடான்னு சொல்லணும். இது அப்படி இல்ல. கல்லை எறிஞ்ச மாதிரி எறிஞ்சிட்டுப் போறான். நான் ஒண்ணும் சொல்லாமலே அவனுக்கு முடிஞ்சிருது."

 மறுமுறை அவர் வந்தபோது பூமா ஒரு தாள் நிறையக் குறித்து வைத்திருந்தாள்.

அவள் சொன்னவற்றின் சாரம் இதுதான். அது ஒரு பெயரடை. அழகான, உயரமான என்பவை போலத் தன்மையைச் சொல்லும் சொல். 'நான் சாரி' என்றால் 'நான் இன்ன நிலையில் இருக்கிறேன்' என்பதே பொருள்; எதிரில் இருப்பவனிடம் அது ஒன்றும் கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'நோவு மிக்க' என்பது. புண்ணுக்கும் வலிக்கும் அவர்கள் சொல்லும் 'சோர்' என்ற சொல்லின் வயிற்றில் பிறந்தது அது. துயரத்தைச் சொல்லும் 'சாரோ' அதற்குத் தாய் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தாயுமில்லை, தமக்கையுமில்லை. ஓசை ஒத்ததால் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட உறவு அது. நாளடைவில், பார்க்கச் சகிக்காத, ஒன்றுக்கும் உதவாத என்ற பொருளிலும் அச்சொல்லைப் பிற பெயர்களுக்கு முன்னே வைத்தார்கள். 'நான்' என்பதும் உதிர்ந்து, வழியில் தோள் இடித்தாலும் சொல்லும் தனிச்சொல்லாக அது தேய்ந்தது நேற்றுப்போல நடந்தது.

"ஆக, ஆதியில அத சொல்றவன் உடம்புல வலி இருக்கணும், அண்ணாச்சி. நம்ம தமிழ்ல நொந்தேன்னு சொல்றோமே, அதுக்குப் பக்கம். பொறுத்துக்கோன்னு சொல்றதுக்குப் பக்கம் இல்ல."

"பொறுத்துக்கோன்னா சுமந்துக்கோன்னுதானே? அடிச்சவனும் அவன், சுமக்கிறவன் நானா? அது வேண்டாம். இது நல்லாருக்கு. வலிக்கவன் சொல்லுத சொல்லு." பாஸ்கலின் கழுத்து நரம்பு புடைத்தது. "இவனுக்கு எங்க வலிக்கி? போன கிழமைகூட மச்சான் கல்யாணத்துல ஆடிக்கிட்டு இருந்தான், எல்லாரும் போட்டோ அனுப்பினாங்க."

பூமா அவரைப் படுக்கவைத்து, பாதத்தைக் கையில் ஏந்தி, ஊசிமுனையால் தொட்டாள். எட்டு மாதமாக அவள் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: "இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல, டாக்டரம்மா. காலு நடக்கு. இந்தக் கம்பியப் பிடிச்சா பத்தடி போறேன். ஆனா வெட்டிப் போட்டாலும் தெரியாது."

"வலிச்சாத்தான் எனக்குச் சந்தோஷம். வலி வந்தா உயிர் வருதுன்னு அர்த்தம்."

பாஸ்கல் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். தம் பாதத்தை அயலான் பொருளைப் பார்ப்பது போல் பார்த்தார். "அப்போ அந்தப் பய சொல்லுத சாரி என் காலு மாதிரி. பாக்க முழுசா இருக்கு. உணர்ச்சி கிடையாது."

அவ்வாரம் வெள்ளிக்கிழமை மாலையில் சம்மாட்டி ரெமிஜியுஸ் வீட்டுக்கு வந்தார். பிளாரன்ஸ் நாற்காலியை எடுத்துப் போட்டாள், காப்பி கொடுக்கவில்லை. அதைச் சம்மாட்டி கவனித்துக்கொண்டார்.

'கடலரசி'யில் ஒரு வழக்கம் உண்டு. சங்குப் பருவம் தொடங்குமுன் சாமியார் வந்து படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். எட்டு ஹோஸும் சுருள் சுருளாகச் சிலுவையின் அடியில் கிடக்கும். காயப்பட்டுக் கரையில் நின்றுவிட்டவன் ஹோஸை வேறு யாரும் தொட மாட்டார்கள். அவனே வந்து, தன் கையால் எடுத்து, அடுத்து இறங்கப்போகிறவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை அந்தப் படகிலிருந்து ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. மனத்தாங்கலோடு ஒருவன் கரையில் நிற்க, அவன் மூச்சுக்குழாய் கடலுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நீலத்துணி கட்டிய பாஸ்கலின் ஹோஸுக்காக ஏழு குடும்பங்கள் காத்திருந்தன.

"என்னவே பாஸ்கலு, ஞாயித்துக்கிழமை வந்திருவீருல்ல?"

"எதுக்கு?"

"எதுக்கா! நீரு எடுத்துக் குடுக்காம படகு எப்படிவே போகும்? அவன்தான் நூறுதரம் சாரி சொல்லிட்டானே. பெல்ட்டு அறுந்ததுக்கு அவன் என்ன செய்வான்?"

"பெல்ட்டு அறுந்திச்சுன்னா அவன் எதுக்கு சாரி சொல்லணும்? பெல்ட்டுல்லா சொல்லணும்?"

 பிளாரன்ஸ் வாயிற்படியில் நின்றபடி சொன்னாள்: "நல்லாக் கேளுங்க. எட்டு மாசமா நானும் இதத்தான் கேக்கேன்."

"ஏ தாயீ, நீ கொஞ்சம் சும்மா இரி."

"எதுக்கு அண்ணாச்சி சும்மா இருக்கணும்? தெனமும் இவுகளத் தூக்கி உக்கார வைக்கது நீங்களா, நானா?"

சம்மாட்டி குரலைத் தாழ்த்தினார். "ஏழு வீட்டு அடுப்பு, பாஸ்கலு. மத்த ஆறு பேரும் உமக்கு என்ன கெடுதல் செஞ்சாங்க? உம்ம கோவத்துக்கு அவங்க புள்ளைகளும் சேர்ந்தா பட்டினி கெடக்கணும்?"

அந்தக் கேள்வி பாஸ்கலைச் சுட்டது. அது நியாயமான கேள்வி என்பதால் இன்னும் அதிகமாகச் சுட்டது. தம்மைக் கெடுத்தவனுக்கு முன்னால் ஆறு பேரைக் கேடயமாக நிறுத்துகிறார்களே என்ற சினம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றார். "ஆனா நான் யாரு கையில குடுக்கேனோ அவன்தான் எறங்கணும். சம்மதமா?"

"அது வழக்கம்தானே. நீரு யாருக்குக் குடுத்தாலும் சம்மதம்" என்று மகிழ்ந்து எழுந்தார் சம்மாட்டி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரையில் கூட்டம் கூடியது. வாடைக்காற்று காகிதக் கொடிகளைப் படபடக்கச் செய்துகொண்டிருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, ஒதுங்கி நின்றார். பாஸ்கல் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் பிளாரன்ஸின் தோளுமாக மணலில் நடந்து வந்தார். மணல் சுடுகிறதா குளிர்கிறதா என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாத ஒவ்வோர் அடியும் அவர் கோபத்துக்கு விறகாயிற்று.

சிலுவையின் அடியில் கிடந்த எட்டுச் சுருளில் நீலத்துணி கட்டிய சுருளைக் குனிந்து எடுத்தார். மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து நின்ற ஜாய்சன் முன்னால் போய் நின்று அதை நீட்டினார்.

"பிடில."

ஜாய்சன் நிமிர்ந்தான். "எனக்கு என் ஹோஸு இருக்கு மாமா."

"அது மேல கெடக்கட்டும். இந்தப் பருவம் முழுக்க நீ இதுல எறங்கு. ஒன்பது பாகத்துல. மேல நான் உக்காருவேன். காலு இல்லாட்டியும் கையி இருக்கு. ஹோஸு என் கையில."

 சம்மாட்டி ஏதோ சொல்ல வாய் எடுத்தார். தாம் சம்மதித்த சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; மூடிக்கொண்டார்.  நீட்டிய சுருளைத் தொடாமல் ஜாய்சன் பின்வாங்கினான்.

"என்னல யோசிக்க? நீ சாரின்னு சொன்னது நெசம்னா எனக்கும் உனக்கும் நடுவுல என்ன இருக்கு? மனசுல எதையும் வச்சுக்கிடாதீங்கன்னு நீதானே அனுப்புன? பிடி."

"மாமா…" அவன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "மாமா, நீங்களும் அத மிதிச்சிருவீக, மாமா."

கேட்ட முதற்கணத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாக அது ஏறியது. மிதிப்பதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. எட்டு மாதமாக அந்தக் கரையில் யாரும் பேசியதில்லை. முதிய குளியாளி ஏசுவடியான், "நீங்களும்னா? முதல்ல மிதிச்சது யாருல?" என்று மெல்லக் கேட்டார்.

ஜாய்சன் மணலில் உட்கார்ந்துவிட்டான். சொல்லத் தொடங்கினான். ஸ்டெபியின் அண்ணன் துபாயிலிருந்து பேசியதைச் சொன்னான். சிக்னலுக்காகப் படகின் முன்புறமான அணியத்துப் பக்கம் திரும்பி நின்றதையும், ஹோஸ் கையிலிருந்து நழுவாதிருக்கக் காலடியில் வைத்ததையும், அது நொடிப்பொழுதுக்குத்தான் என்று எண்ணியதையும் சொன்னான். பாதத்துக்கடியில் ஏதோ அதிர்ந்தது. நீரோட்டத்தின் இழுப்பு என்று தன்னையே நம்பவைத்தான். பாஸ்கலின் தலை தண்ணீரில் எழுந்ததைக் கண்ட பிறகு, மற்ற மூவரும் மேலேறிக் கம்ப்ரசர் நின்றதும், யாரும் பாராதபோது கத்தியால் பெல்ட்டை அறுத்தான். "ராத்திரி படுத்தா உள்ளங்காலுல அந்த அதிர்வு இப்பவும் தெரியுது, மாமா. செருப்பு போட்டுக்கிட்டே தூங்குதேன்." சாரி என்ற சொல்லை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ரெமிஜியுஸ் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "என்னைய ஊருக்கு முன்னால பொய்யனாக்கிட்டியேல!" என்று மறுபடி கை ஓங்கியபோது பாஸ்கல் ஊன்றுகோலை நடுவில் நீட்டினார்.

"அடிக்காதீங்க அண்ணாச்சி. அடிச்சா அதோட அவனுக்குத் தீர்ந்திரும்." ஜாய்சனிடம் திரும்பினார். கோபம் தணியவில்லை, ஆனால் எட்டு மாதத்தில் முதன்முறையாக அது நிற்க ஓர் இடம் கிடைத்திருந்தது. "ஏலே, இப்பத்தான் உனக்கு வலிக்கி. நல்லா வலிக்கட்டும். எழுந்திரு. பிடி."

ஜாய்சன் எழுந்து, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். மன்னித்தேன் என்று பாஸ்கல் சொல்லவில்லை. யாரும் அவரைச் சொல்லச் சொல்லவுமில்லை.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் 'கடலரசி' சங்கு கிடக்கும் கடற்பகுதியில் நங்கூரமிட்டது. கம்ப்ரசரின் பக்கத்தில் மெத்தை போட்டுப் பாஸ்கலை உட்காரவைத்திருந்தார்கள். பெல்ட்டை அவரே இரண்டு முறை தடவிப் பார்த்தார். ஜாய்சன் இறங்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அவரை ஒருமுறை பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தத்தம் வேலையைச் செய்வதுபோல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது பாகம் ஓடி ஹோஸ் நின்றது. ஒருவனது உயிர் முழுவதும் இரண்டு விரலுக்கு இடையே துடித்தது. மடித்துப் பிடித்தால் போதும். பெல்ட்டுகூட அறுக்க வேண்டியதில்லை. அந்த எண்ணம் வந்தது; வரவில்லை என்று பாஸ்கல் பின்னாளில் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பிளாரன்ஸிடமும் சொன்னார், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னார்.

கீழிருந்து ஓர் இழுப்பு வந்தது. நலமா என்று கேட்பது போன்ற, அச்சம் கலந்த ஓர் இழுப்பு.

பாஸ்கல் பற்களைக் கடித்துக்கொண்டார். ஆத்திரத்தில் கை நடுங்கியது. அந்த நடுக்கம் ஹோஸ் வழியே கீழே போய்விடக் கூடாதென்று இரு கையாலும் இறுகப் பிடித்து அடக்கி, தெளிவாக, ஒருமுறை, பதிலுக்கு இழுத்தார்.